சிவப்பு மை அழியுமா?

ஒழுங்கீனத்துக்காகப் பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்ட ஜவான், தன் சான்றிதழில் ஒரு சொல்லை மாற்றித் தரும்படி கேட்கிறார். அந்த ஒரு சொல்லில்தான் பென்ஷன், மரியாதை, மனைவியின் பிற்கால வாழ்க்கை எல்லாம் அடங்கியிருக்கின்றன.

ராணுவத்தை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு சான்றிதழ் தந்தாக வேண்டும். 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 23-வது பிரிவு இப்படிச் சொல்கிறது. அதில் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: யார் உத்தரவால் அனுப்பப்பட்டார், என்ன காரணம், மொத்தம் எவ்வளவு காலம் பணிபுரிந்தார். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. சிப்பாயின் தாய்மொழியிலும் எழுத வேண்டும். தமிழருக்குத் தமிழில்.

இந்த மூன்றில் இரண்டாவது விவரம், அதாவது காரணம், சிலருடைய மீதி வாழ்நாள் முழுவதையும் தீர்மானித்துவிடுகிறது.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தை எடுத்துக்கொள்வோம். மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கும் பேட்டை. கன்னடத்துக்குச் சமமாகத் தமிழ் ஒலிக்கும் சந்துகள். ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, அல்சூர் ஏரியின் பக்கம், மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்பின் தலைமையிடம் இருக்கிறது. 1780-ல் தொடங்கிய படை அது. அதன் ஜவான்களுக்கு ராணுவம் முழுவதும் ஒரே செல்லப்பெயர்: 'தம்பி'. தென்னாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவுக்கு அந்தப் பெயரே சாட்சி.

இந்தப் பேட்டையிலிருந்து ஒரு பையன் பட்டாளத்துக்குப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைதான், ஆனால் நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டினால் இவரைப் போன்றவர்களை நிறையச் சந்திக்கலாம். 13 ஆண்டு சர்வீஸ். லீவு முடிந்தும் இரண்டு முறை தாமதமாகத் திரும்பினார். ஒரு முறை அம்மாவுக்கு ஆபரேஷன், இன்னொரு முறை தங்கை கல்யாணம். ஒரு முறை குடித்துவிட்டு மாட்டிக்கொண்டார். ஒரு முறை ஹவில்தாரை எதிர்த்துப் பேசினார். நான்கு தண்டனைகள். நான்கும் அவருடைய நடத்தைத் தாளில் சிவப்பு மையால் ஏறின. 'இவரது சேவை இனித் தேவையில்லை' என்ற குறிப்போடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தியச் சிப்பாய்க்கு பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். இவருக்கு இரண்டு ஆண்டு குறைகிறது.

இனி இவர் என்ன செய்ய முடியும்?

இரண்டு சொற்கள், இரண்டு வாழ்க்கைகள்

அமெரிக்கப் படைகளில் வெளியேற்றத்துக்குத் தரவரிசை உண்டு. 'கௌரவமானது' என்பதில் தொடங்கி 'அவமானகரமானது' வரை ஐந்து படிகள். கீழ்ப்படியில் இருப்பவர் மேல்படிக்கு மாற்றக் கோரி விண்ணப்பம் போடலாம். அதை விசாரிக்கவென்றே வாரியங்கள் இருக்கின்றன. வெளியேறிய நாளிலிருந்து 15 ஆண்டு வரை கெடு.

இந்தியாவில் அப்படித் தரவரிசை இல்லை. தனி வாரியமும் இல்லை. இங்கே முக்கியமான கோடு இரண்டு சொற்களுக்கு நடுவே ஓடுகிறது: 'டிஸ்மிஸ்', 'டிஸ்சார்ஜ்'. ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். சட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

டிஸ்மிஸ் என்றால் பதவிநீக்கம், அதாவது தண்டனை. 1961-ம் ஆண்டு ராணுவ பென்ஷன் விதிகளின்படி, டிஸ்மிஸ் ஆனவருக்கு அதுவரை செய்த சர்வீஸ் எதற்கும் பென்ஷனோ பணிக்கொடையோ கிடையாது. 20 ஆண்டு உழைத்திருந்தாலும் கையை விரித்துவிடுவார்கள். விதிவிலக்கான சந்தர்ப்பங்களில் மட்டும், மேலிடம் மனது வைத்தால் கொடுக்கலாம். 2008-ல் வந்த புதிய விதிகளிலும் நிலைமை இதுவேதான். முறையீடு செய்தால் பரிசீலிக்கலாம் என்ற ஜன்னல் அதில் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் என்றால் பணியிலிருந்து விடுவிப்பு. காரணம் நல்லதாக இல்லாவிட்டாலும், செய்த சர்வீஸுக்கு உரிய பென்ஷனுக்கோ பணிக்கொடைக்கோ தகுதி போய்விடாது.

எனவே 15 ஆண்டைத் தாண்டிய பின் டிஸ்மிஸ் ஆனவரின் கோரிக்கை ஒன்றுதான்: 'டிஸ்மிஸ் என்பதை டிஸ்சார்ஜ் என்று மாற்றுங்கள்.' 15 ஆண்டுக்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆனவரின் கோரிக்கை வேறு: 'அனுப்பிய முறையே தவறு, பென்ஷன் வயது வரை நான் சர்வீஸில் இருந்ததாகக் கணக்கில் கொள்ளுங்கள்.' நம் ஸ்ரீராம்புரத்துக்காரர் இரண்டாவது ரகம்.

பென்ஷனோடு இழப்பு முடிவதில்லை. மத்திய அரசு வேலைகளில் முன்னாள் ராணுவத்தினருக்கு 'சி' பிரிவில் 10 சதவீதமும் 'டி' பிரிவில் 20 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒழுங்கீனத்துக்காக டிஸ்மிஸோ டிஸ்சார்ஜோ ஆனவரை 'முன்னாள் ராணுவத்தினர்' என்ற வரையறையே சேர்த்துக்கொள்வதில்லை. பட்டாளத்தில் 13 ஆண்டு இருந்திருப்பார். காகிதத்தின்படி முன்னாள் ராணுவத்தினர் அல்ல.

சாப்பிட மறுத்த சிப்பாய்

தண்டனை அளவு மீறினால் நீதிமன்றம் தலையிடலாம் என்பதற்கு ரஞ்சித் தாக்கூர் வழக்கு அடித்தளம். சிக்னல் பிரிவில் சிப்பாய். ஓர் அதிகாரி தன்னை மோசமாக நடத்துகிறார் என்று மேலதிகாரிகளுக்கு நேரடியாகப் புகார் அனுப்பினார். முறைப்படி போகாமல் மேலே எழுதியது குற்றம் என்று 28 நாள் சிறை. அந்தத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தபோது, 1985 மே 29-ம் தேதி, சாப்பிடச் சொல்லி உத்தரவிட்டார்கள். அவர் சாப்பிட மறுத்தார்.

உத்தரவை மீறிய குற்றத்துக்காக மறுநாளே சம்மரி கோர்ட் மார்ஷல் கூடியது. அவர் யார்மீது புகார் எழுதினாரோ அந்த அதிகாரியும் தீர்ப்பு வழங்கும் இடத்தில் இருந்தார். தண்டனை: ஓராண்டு கடுங்காவல், டிஸ்மிஸ், சிவில் வேலைக்கும் தகுதியிழப்பு. ஒரு வேளைச் சாப்பாட்டை மறுத்ததற்கு!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பை எழுதியவர் பெங்களூர்க்காரரான நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா, கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லி போய்ச் சில நாட்களே ஆகியிருந்தன. 1987 அக்டோபர் 15-ம் தேதி வந்த அந்தத் தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. பாரபட்சம் உள்ளவர் நீதிபதியாக உட்கார்ந்தால் விசாரணையே செல்லாது. தண்டனை குற்றத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு மிஞ்சினால் நீதிமன்றம் கைகட்டிக்கொண்டிருக்காது. சிப்பாய்க்கு வேலையும் சம்பளமும் திரும்பக் கிடைத்தன.

சம்மரி கோர்ட் மார்ஷல் என்பது வேகமான ஏற்பாடு. கமாண்டிங் அதிகாரி ஒருவரே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்டவர் என்றால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை தரலாம், டிஸ்மிஸும் செய்யலாம். உடனடி நடவடிக்கை தவிர்க்க முடியாத சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே இந்த அதிகாரம், அன்றாடப் பழக்கமாக இதைப் பயன்படுத்தக்கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

நான்கு வரிகளின் கணக்கு

ஸ்ரீராம்புரத்துக்காரருக்கு நேரடியாகப் பொருந்துவது வேறொரு தீர்ப்பு. 'நான்கு சிவப்பு மைப் பதிவு விழுந்தால் சீட்டுக் கிழிந்தது' என்பது பட்டாளத்தில் பரவலான நம்பிக்கை. ராணுவத் தலைமையகம் 1988 டிசம்பர் 28-ம் தேதி அனுப்பிய கடிதம் அப்படிச் சொல்லவில்லை.

நான்கு பதிவுகள் விழுந்ததாலேயே டிஸ்சார்ஜ் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்கிறது அந்தக் கடிதம். முதலில் ஒரு விசாரணை நடக்க வேண்டும். ஒவ்வொரு பதிவும் எந்தக் குற்றத்துக்காக விழுந்தது என்று பார்க்க வேண்டும். பென்ஷனை நெருங்கிக்கொண்டிருப்பவரிடம் கடுமை காட்டக்கூடாது. நீண்ட சர்வீஸையும், கஷ்டமான இடங்களில் பணிபுரிந்ததையும், அங்கே பட்ட சிரமங்களையும் எடைபோட வேண்டும். வேறு வழியே இல்லை என்றால்தான் டிஸ்சார்ஜ்.

கருணை என்று வெளியார் கேட்பதை ராணுவமே தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறது. பிரச்சினை, அதை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்காததுதான்.

வீரேந்திர குமார் துபே என்ற வீரரின் வழக்கில் 2015 அக்டோபர் 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தக் கடிதத்தைத்தான் ராணுவத்தின் முன் எடுத்து வைத்தது. நான்கு பதிவுகளைக் காட்டி அவரை அனுப்பியிருந்தார்கள். கடிதம் கேட்கும் விசாரணை நடக்கவில்லை. டிஸ்சார்ஜ் ரத்தானது. பென்ஷனுக்குத் தேவையான காலம் வரை அவர் சர்வீஸில் இருந்ததாகக் கருத வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. பழைய சம்பளப் பாக்கி இல்லை, பென்ஷன் உண்டு. அடுத்த ஆண்டே விஜய் சங்கர் மிஸ்ரா என்பவரின் வழக்கிலும் இதே வழியில் தீர்ப்பு வந்தது.

இதைக் கேட்டு, சிவப்பு மை விழுந்த எல்லோருக்கும் விடிவு வந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 2019-ல் சத்குர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் டிஸ்சார்ஜை உறுதி செய்தது. 1988 கடிதம் சொல்லும் விசாரணை பெரிய கோர்ட் விவகாரம் அல்ல. வீரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் பதிலை வாங்கி, அதை யோசித்துப் பார்த்து நியாயமாக முடிவெடுத்தாலே போதும் என்றது. அவர் விஷயத்தில் அது நடந்திருந்தது.

ராணுவத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. லீவு முடிந்து ஒருவர் வராவிட்டால் அவருடைய காவல் முறையை வேறொருவர் சுமக்கிறார். எல்லையில் குடித்துவிட்டு நிற்பவரால் பக்கத்தில் நிற்பவரின் உயிர் போகலாம். அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு, படைவீரர்களின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தந்திருப்பது இந்த ஒழுங்கைக் காக்கத்தான். அந்த அவசியத்தை நீதிமன்றங்கள் மறுக்கவில்லை. தவறு செய்தவரை அனுப்பலாம். அனுப்பும் முன் அவருடைய முழு சர்வீஸையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள் என்பதுதான் அவை சொன்னது.

கதவு எங்கே?

2009-க்கு முன் இப்படிப்பட்டவர்கள் உயர் நீதிமன்றங்களின் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2007-ல் இயற்றிய சட்டத்தின் கீழ் ராணுவத் தீர்ப்பாயம் 2009 ஆகஸ்ட் 8-ம் தேதி டெல்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. கோர்ட் மார்ஷல் தண்டனை அதிகப்படியானது, சட்டவிரோதமானது அல்லது அநியாயமானது என்று கண்டால் அதைக் குறைக்கவும், வேறு சிறிய தண்டனையாக மாற்றவும் தீர்ப்பாயத்துக்கு 15-வது பிரிவு அதிகாரம் தருகிறது. டிஸ்மிஸ் டிஸ்சார்ஜாக மாறும் வாசல் இதுதான்.

கர்நாடகத்தில் வசிப்பவர் கொச்சி அமர்வுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுக்காரருக்குச் சென்னை அமர்வு. காஷ்மீரிலோ அசாமிலோ டிஸ்மிஸ் ஆனவர் அங்கே போய் வழக்குப் போட வேண்டியதில்லை. பணியிலிருந்து நீங்கியவர் தான் வசிக்கும் இடத்துக்குரிய அமர்விலேயே மனுக் கொடுக்கலாம்.

ஆனால் கெடு குறைவு. முதலில் ராணுவத்துக்குள்ளேயே உள்ள மனு, மேல்மனு வழிகளைத் தீர்த்துவிட்டு வர வேண்டும். இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். மேல்மனுவுக்கு 6 மாதமாகியும் பதிலே வரவில்லையென்றால், அதன் பிறகு இன்னொரு 6 மாதம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் மன்னித்தே தீர வேண்டும் என்பதில்லை.

பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பணம். எனவே அது கிடைக்காதது தொடர்ந்து நடக்கும் அநியாயம் என்ற வாதம் உண்டு. 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 1983-ல் உடல்நலக் குறைவால் வெளியேறிய அவர் 1999-ல்தான் கோர்ட்டுக்கு வந்தார். பென்ஷன் உரிமையை ஏற்ற நீதிமன்றம், பாக்கித் தொகையை மட்டும் வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 ஆண்டுகளோடு நிறுத்தியது. தாமதத்துக்குக் கொடுத்த விலை 13 ஆண்டுப் பணம். அவருடையது உடல் ஊனத்துக்கான பென்ஷன். டிஸ்மிஸ் உத்தரவையே எதிர்ப்பவருக்கு இந்தச் சலுகை அவ்வளவு எளிதில் கிடைக்காது.

தீர்ப்பாயத்தில் தோற்றால் கதை முடிந்ததா? 2015-ல் வந்த ஒரு தீர்ப்பால் உயர் நீதிமன்றக் கதவு ஏறத்தாழ மூடப்பட்டது. உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் சிப்பாய்க்கு அது எட்டாத உயரம். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே இதைத் திருத்தியது: தீர்ப்பாயத்தின் உத்தரவை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலம் எதிர்க்கலாம். ஸ்ரீராம்புரத்துக்காரருக்கு டெல்லி ரயில் மிச்சம்.

இன்னொன்றையும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீரர் இறந்துபோனால் வழக்கும் செத்துப்போவதில்லை. அவரைச் சார்ந்திருந்தவர்களும் வாரிசுகளும் தீர்ப்பாயத்துக்கு வரலாம் என்று அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவிலேயே இருக்கிறது. கணவரின் பென்ஷன் உரிமை நிலைநாட்டப்பட்டால்தான் மனைவிக்குக் குடும்ப பென்ஷன். பெட்டியில் கிடக்கும் பழைய டிஸ்சார்ஜ் புத்தகம், ஷோ-காஸ் நோட்டீஸ், அதற்கு எழுதிய பதில், லீவு சர்ட்டிபிகேட், ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் தூக்கி எறியக்கூடாது. லீவு முடிந்து ஏன் வரவில்லை என்பதற்கு அம்மாவின் ஆபரேஷன் சீட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

66 ஆண்டு காத்திருப்பு

காலம் கடந்த நியாயம் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பிரவுன்ஸ்வில் சம்பவம் ஒரு பாடம். 1906 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் அந்த ஊரில் இரவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒருவர் செத்தார். பக்கத்து முகாமில் இருந்த கறுப்பினச் சிப்பாய்கள்மீது பழி விழுந்தது. யாரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவுமில்லை. விசாரணை மன்றம் எதுவும் கூடாமலே 167 பேரை மரியாதையில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்.

ஜான் வீவர் என்ற எழுத்தாளர் 1970-ல் வெளியிட்ட புத்தகம் இந்த அநியாயத்தைக் கிளறியது. 1972-ல் அமெரிக்க ராணுவம் அத்தனை பேருடைய வெளியேற்றத்தையும் 'கௌரவமானது' என்று மாற்றியது. அதற்குள் 66 ஆண்டு ஓடிவிட்டது. அனேகமாக எல்லோரும் இறந்துவிட்டார்கள். டார்சி வில்லிஸ் என்ற முதியவர் உயிரோடு இருந்தார். முடிதிருத்தும் கடையில் ஷூவுக்கு பாலிஷ் போட்டும் கூட்டிப் பெருக்கியும் காலம் தள்ளியவர். பிறகு அவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள்.

வியட்நாம் போருக்குப் பிறகு இதே பிரச்சினை வேறு வடிவத்தில் வந்தது. போரின் பயங்கரத்தால் மனம் குலைந்தவர்கள் குடித்தார்கள், சண்டை போட்டார்கள், சொல்லாமல் ஓடினார்கள். ஒழுங்கீனம் என்று அனுப்பப்பட்டார்கள். அந்த மனநோய்க்கு அன்று பெயர்கூட இல்லை. 2014 செப்டம்பரில் அன்றைய அமெரிக்க ராணுவ அமைச்சர் சக் ஹேகல், அப்படிப்பட்டவர்களின் விண்ணப்பங்களைத் தாராளமாகப் பரிசீலிக்கும்படி வாரியங்களுக்கு உத்தரவிட்டார். ஒழுங்கீனம் என்று எழுதப்பட்டது சில சமயம் நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதை ஒரு ராணுவம் ஒப்புக்கொண்டது.

நம் ஜவான்களும் பனிமலையிலும் காட்டிலும் மாதக்கணக்கில் இருப்பவர்கள்தான். 1988 கடிதம் 'கஷ்டமான இடங்கள், சிரமமான வாழ்க்கை' என்று குறிப்பிடுவதற்குள் மனதின் சேதத்தையும் அடக்கிப் பார்க்கத் தடை ஏதும் இல்லை. குடிக்காகச் சிவப்பு மை போடும் முன் ஒரு முறை டாக்டரிடம் அனுப்பினால் பாதி வழக்குக்கு வேலை இருக்காது.

இன்னும் ஒரு வரி

சட்டம் இருக்கிறது, கடிதம் இருக்கிறது, தீர்ப்பாயம் இருக்கிறது. இவையெல்லாம் இருப்பது சிப்பாய்க்குத் தெரிகிறதா என்பதே கேள்வி. பெட்டியும் படுக்கையுமாக ஊர் திரும்புகிறவர், முதல் சில மாதங்களில் அக்கம்பக்கத்தாரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் வீட்டுக்குள் முடங்குகிறார். பிறகு ஏதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை. யாரோ ஒரு பழைய சகா சொல்லி விவரம் தெரிய வரும்போது 6 மாதக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும்.

இதற்குப் புதுச் சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. தாய்மொழியில் சான்றிதழ் தர வேண்டும் என்று 1950-லேயே யோசித்தவர்கள், காரணம் தெரிந்துகொள்ள சிப்பாய்க்கு உரிமை உண்டு என்று நினைத்தவர்கள். அந்தச் சான்றிதழில் மூன்று விவரங்களோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் போதும்: 'இந்த உத்தரவில் குறை இருப்பதாகக் கருதினால் இன்ன அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், அதன் பிறகு இத்தனை மாதத்துக்குள், இன்ன ஊரில் உள்ள தீர்ப்பாயத்தை அணுகலாம்.'

தமிழருக்கு அதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறு செய்யாதவர் மட்டுமல்ல, செய்த தவறுக்கு மேல் தண்டனை பெற்றவரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நேரத்தோடு கதவைத் தட்டுவார். திறப்பதா வேண்டாமா என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்வார்கள்.